ஆறு இலையுதிர் காலம், ஏழு ஸ்வெட்டர்: எது நின்றது, எது போனது

காலையில் வெளியே வரும்போது கை லேசாகச் சில்லிட்டு, பகலில் அதே கை வியர்க்கிற அந்த இரண்டு மூன்று வாரம் இருக்கிறதே, அப்போதுதான் நான் ஸ்வெட்டர் பெட்டியை இறக்குவேன். ஆறு வருடமாக இதே வழக்கம். அதற்கு முன் ஒவ்வொரு சீசனுக்கும் புதிதாக இரண்டு மூன்று வாங்கிக்கொண்டிருந்தேன், ஆனாலும் போட்டுக்கொள்ள எதுவும் இல்லை என்ற எண்ணம் மட்டும் போகவே போகாது. ஒரு வருடம் வாங்குவதை நிறுத்திவிட்டு, எதை எத்தனை நாள் போடுகிறேன் என்று மட்டும் குறித்து வைத்தேன். இருந்த பதினான்கில் ஐந்தைத்தான் மாற்றி மாற்றிப் போட்டிருந்தேன். இப்போது ஏழு இருக்கின்றன, ஏழும் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இலையுதிர் காலத்துக்கு ஸ்வெட்டர் எடுக்கும்போது எது அதிகம் சூடு தரும் என்று பார்க்காதீர்கள், எது மெல்லியது என்று பாருங்கள். கயிறு முறுக்கியதுபோன்ற தடித்த கேபிள் பின்னல் ஸ்வெட்டரைக் கடையில் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும், எனக்கும் வந்தது, க்ரீம் நிறத்தில் ஒன்று வாங்கினேன், இன்னும் பிரியமாகத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் சீசனின் கடைசிப் பத்து நாளில்தான் அதற்கு வேலை வரும். அதன் மேல் கோட் ஏறாது, உட்காருகிற இடத்தில் புழுங்கும், கழற்றினால் வைக்கவும் இடம் இருக்காது. மெல்லிய பின்னலுக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. பின்னல் மெஷினில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பதைத்தான் கேஜ் என்கிறார்கள். 12 கேஜ் என்றால் சட்டைத் துணிபோல உடம்போடு படியும், 3 முதல் 5 கேஜ் என்றால் கயிறுபோலத் தடித்த நூல். என் சாம்பல் நிற 12 கேஜ் மெரினோ (மெரினோ ரகச் செம்மறி ஆட்டின் கம்பளி) ஸ்வெட்டரைக் காலையில் கோட்டுக்குள்ளும் பகலில் தனியாகவும் மாலையில் தோளில் கட்டிக்கொண்டும் போடுகிறேன். ஆறு வருடத்தில் அதிகம் உழைத்தது அதுதான், இன்னும் உழைக்கிறது.

கம்பளி என்றாலே அரிக்கும் என்று ஒதுக்குகிறவர்கள் மெரினோவை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அரிப்பு பெரும்பாலும் இழையின் தடிமனால் வருவது. 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழையின் முனை வளையாமல் தோலில் குத்தும். மெரினோ இழை பெரும்பாலும் 24 மைக்ரானுக்குள் இருக்கும், அதனால் குத்தாமல் வளைந்துகொடுக்கும். காஷ்மீர் என்கிற வெள்ளாட்டு மென்முடி பெரும்பாலும் அதைவிட மெல்லியது, 19 மைக்ரானுக்குள். ஒரு ஆட்டிலிருந்து வருடத்துக்குக் கிடைக்கும் மென்முடி சுமார் 150 முதல் 200 கிராம்தான், அதையும் சுத்தம் செய்தால் இன்னும் குறையும், ஒரு ஸ்வெட்டருக்கு ஒரு ஆடு போதாது. என்னிடம் ஒட்டக நிறத்தில் ஒரு காஷ்மீர் ஸ்வெட்டர் இருக்கிறது, இது அதற்கு நான்காவது வருடம். மென்மைக்குக் குறையே சொல்ல முடியாது. ஆனால் பை உரசுகிற பக்கத்தில் முதல் மாதமே உருண்டை கட்டியது. தினமும் தோள்பை மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன், அவர்களுக்கு மெரினோதான் சரி.

அந்த உருண்டைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஸ்வெட்டர் பழையதாகத் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். நூலிலிருந்து வெளியே வந்த இழை முனைகள் உரசி உரசிச் சிக்கிக்கொள்வதால் வருவது. நல்ல கம்பளியிலும் முதலில் வரும், தளர்ந்த இழைகள் போனதும் குறைந்துவிடும். செயற்கை இழை கலந்ததில் கதை வேறு. கம்பளி இழை அறுந்து உருண்டை உதிர்ந்துபோகும், செயற்கை இழை வலுவானது என்பதால் உருண்டையை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். என் ஒயின் சிவப்பு ஸ்வெட்டர் பாதி கம்பளி, பாதி அக்ரிலிக். மூன்று வருடம் ஒவ்வொரு வாரமும் உருண்டைகளை மழிக்கிற சின்ன மெஷினான லின்ட் ரிமூவரை ஓட்டினேன், ஓட்ட ஓட்டத் துணி மெலிந்ததுதான் மிச்சம். நிறம் அவ்வளவு பிடிக்கும் என்பதால் விட மனமில்லாமல் வைத்திருந்தேன், போன சீசனோடு கொடுத்துவிட்டேன்.

லின்ட் ரிமூவரைச் சமதளத்தில் விரித்துப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும், போட்டுக்கொண்டே ஓட்டினால் மடிப்பில் சிக்கி ஓட்டை விழும். மெல்லிய பின்னலுக்கும் காஷ்மீருக்கும் மெஷினே வேண்டாம், அதற்கென்று விற்கிற சின்ன சீப்பு போதும், ஒரே திசையில் மெதுவாக இழுத்தால் போதும். பெட்டியைத் திறந்த அன்று ஒரு ஸ்வெட்டருக்குக் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்குவேன். அதன் பின் துணியைத் தொடாமல் ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்து ஆவி காட்டினால் மடிப்பெல்லாம் தானே இறங்கிவிடும். இந்த இரண்டையும் செய்துவிட்டுப் பார்த்தால் புதிதாக எதுவும் வாங்கத் தோன்றாது, நிஜமாகவே.

துவைப்பதில் நான் பாடம் கற்றது ஒரு நீல ஸ்வெட்டரை இழந்துதான். வெந்நீரில் மெஷினில் போட்டேன், குழந்தைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கி அட்டைபோல வந்தது. கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல நுண்ணிய செதில்கள் இருக்கின்றன, சூடும் ஈரமும் குலுக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. மெஷினில் துவைக்கலாம் என்று லேபிள் போட்டு வருகிற மெரினோவில் பெரும்பாலும் அந்தச் செதில்களை மழித்து மேலே மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். அது சுருங்காது, ஆனால் ஈரத்தில் நீளும். என் வி-நெக் அந்த ரகம்தான், ஒருமுறை கொடியில் போட்டதில் ஒரு அங்குலம் இறங்கிவிட்டது.

இப்போது எல்லாமே கையால்தான். 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், கம்பளிக்கென்று வருகிற திரவ சோப்பு, பத்து நிமிடம் ஊறல். சாதாரண டிடர்ஜென்ட் வேண்டாம், கறை நீக்குவதற்காக அதில் சேர்க்கிற புரதம் கரைக்கும் என்சைம் கம்பளியையும் அரிக்கும், கம்பளியும் புரதம்தானே. பிழியக்கூடாது. ஒரு பெரிய துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்துவிட்டு, கிடையாக விரித்து, கையால் அளவு சரிசெய்து உலர்த்த வேண்டும். அடிக்கடி துவைக்கவும் தேவையில்லை. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்ததுபோல இருக்காது, இரவு முழுக்க நாற்காலி முதுகில் காற்றாட விட்டால் காலையில் வாடை போயிருக்கும். ஏழெட்டு முறை போட்ட பிறகுதான் நான் துவைக்கிறேன். பருத்தி ஸ்வெட்டருக்கு இந்தச் சலுகை கிடையாது, இரண்டு மூன்று தடவைக்கு ஒருமுறை துவைத்தே ஆக வேண்டும், முழங்கையும் சீக்கிரம் தொங்கிவிடும்.

ஆனால் பெட்டிக்குள் போவதற்கு முன் மட்டும் எல்லாவற்றையும் கட்டாயம் துவைக்க வேண்டும், சுத்தமாகத் தெரிந்தாலும். அந்துப்பூச்சியில் துணியைத் தின்பது பறக்கிற பூச்சி இல்லை, அதன் புழு, வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் உள்ள இடத்தைத்தான் அது தேடிப் போகும். இரண்டாவது வருடம் துவைக்காமல் வைத்த கார்டிகனில் (முன்னால் பொத்தான் வைத்த ஸ்வெட்டர்) நான்கு ஓட்டை. மற்றவற்றையும் சந்தேகப்பட்டு, காற்றுப் போகாத பாலிதீன் பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தேன், வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தேன், இல்லையென்றால் துணியில் நீர் கோத்துக்கொள்ளும். அதன்பிறகு புது ஓட்டை எதுவும் விழவில்லை. பூச்சியை விரட்ட வைக்கிற தேவதாரு மரத்துண்டு வாசனையாக இருக்கும், ஆனால் அதை மட்டும் நம்பி விடாதீர்கள். அப்புறம் ஹேங்கர் வேண்டவே வேண்டாம், தோளில் கொம்பு முளைத்ததுபோல ஆகிவிடும். மடித்து வையுங்கள், தடித்தது கீழே, மெல்லியது மேலே.

சரி, போட்டுக்கொள்கிற விதம். இதில் எனக்குப் பெரிதாக உதவியது இரண்டே விஷயம். ஒன்று, அடிப்பகுதி எங்கே முடிகிறது என்பது. இடுப்பெலும்பைத் தாண்டித் தொங்கினால் நல்ல ஸ்வெட்டரும் இரவல் வாங்கியதுபோலத் தெரியும், முன்பக்கம் மட்டும் கொஞ்சம் உள்ளே செருகிப் பாருங்கள், கால் நீளமாகத் தெரியும். தடித்த ஸ்வெட்டரைச் செருகாதீர்கள், வயிற்றில் முடிச்சுபோல நிற்கும், அதற்குக் குறுகலான பேன்ட்தான் பொருத்தம். இரண்டாவது, ஒரே நிறத்தில் வேறு வேறு துணி. சாம்பல் மெரினோவோடு கரிய சாம்பல் கார்டுராய் (கோடு கோடாக மேடு உள்ள தடித்த பருத்தித் துணி), ஒட்டக நிற காஷ்மீரோடு அதே சாயலில் கொஞ்சம் வெளிறிய பருத்தி. பளிச்சென்ற எதுவும் இல்லாமலே பார்க்க நிறைவாக இருக்கும். முகத்துக்கு ஒத்துவராத நிறமாக இருந்தால் உள்ளே வெள்ளைக் காலர் சட்டை போட்டு, காலரை மட்டும் வெளியே விடுங்கள்.

கார்டிகனை நான் ரொம்ப நாள் கோட்டுபோலவே திறந்து போட்டுக்கொண்டிருந்தேன். பொத்தான் முழுக்கப் போட்டு அதையே மேல்சட்டையாக அணிந்தபோதுதான் அதன் அழகு தெரிந்தது. போன வருடம் அதன் பிளாஸ்டிக் பொத்தான்களைக் கழற்றிவிட்டுக் கொம்புப் பொத்தான் தைத்தேன், ஒரு மாலை வேலைதான், பார்த்தவர்கள் புதிதா என்று கேட்டார்கள். நான்கு ஓட்டைகளையும் நானே இழையோட்டித் தைத்தேன், மூன்று தெரியாமல் மறைந்துவிட்டன, முழங்கையில் இருந்ததை மட்டும் துரு நிறச் சாயலுள்ள ஆரஞ்சு நூலில் வேண்டுமென்றே தெரியும்படி விட்டேன்.

ஒயின் சிவப்பு போன இடத்துக்குப் பாசிப் பச்சையில் ஒரு மெரினோ வந்திருக்கிறது, 12 கேஜ், கழுத்து ஒட்டிய டர்ட்டில்நெக். மூன்று வாரம்தான் ஆகிறது. அக்குளில் லேசாக உருண்டை தெரிகிறது, கம்பளி என்பதால் பயப்படவில்லை, இரண்டு துவைப்பு தாண்டியதும் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.