மினி பிசியில் ஹார்ட் டிஸ்க் பொருத்தக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

சென்னை ரிச்சி தெருவில் உள்ள ஒரு கடையில், என் மினி பிசியில் கூடுதலாக ஒரு ஹார்ட் டிஸ்க் பொருத்தித் தரக் கேட்டு ஏமாற்றப்பட்டேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைத் தவிர்த்து, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என்னுடைய கணினி ஒரு டிபன் டப்பா அளவே இருக்கும். அதன் அடிமூடியின் உட்புறத்தில் 2.5 அங்குல டிஸ்க் ஒன்றுக்கான தட்டு உண்டு. அதில் 7 மி.மீ. தடிமன் வரையுள்ள டிஸ்க்கைத்தான் பொருத்த வேண்டும் என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். 2.5 அங்குலம் என்று விற்கப்படும் டிஸ்க்குகள் எல்லாம் நீள அகலத்தில் ஒன்றாக இருந்தாலும், தடிமனில் 7, 9.5, 15 மி.மீ. என்று வேறுபடுபவை என்பதால், அந்தப் பக்கத்தைக் கடைக்காரரிடம் காட்டியே கேட்டேன். "அதெல்லாம் உக்காந்துடும் சார், நாங்க டெய்லி போடுறோம்" என்றார். மாலையில் கணினியைக் கொடுக்கும்போது டிஸ்க் இயங்குவதைத் திரையில் காட்டினார். பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாதாரணப் பயன்பாட்டில் குறை எதுவும் தெரியவில்லை. குடும்பப் புகைப்படங்களையும் காணொளிகளையும் மொத்தமாக அந்த டிஸ்க்குக்கு மாற்றத் தொடங்கியபோதுதான், மூடியில் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறி, கணினியின் வேகமும் படுத்துவிட்டது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், டிஸ்க்கின் வெப்பம் 61 டிகிரி செல்சியஸ். இவ்வகை டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாக விதிக்கும் உச்ச வரம்பே 60 டிகிரிதான். அதே திரையில் இன்னொரு வரியும் இருந்தது: புதியது என்று சொல்லி விற்ற டிஸ்க் ஏற்கெனவே 8,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. ஏறக்குறைய ஓராண்டு இடைவிடாமல் ஓடிய கணக்கு அது.

மூடியைத் திறந்து பார்த்தேன். 9.5 மி.மீ. டிஸ்க் தட்டுக்குள் நுழையாததால் தட்டையே கழற்றிவிட்டு, காற்றுத் துளைகளை முழுவதும் மறைக்கும்படி டபுள் டேப் போட்டு டிஸ்க்கை மூடியில் ஒட்டியிருந்தார்கள். கணினியில் ஏற்கெனவே இருந்த எம்.2 எஸ்எஸ்டியின் (சுழலும் பாகங்கள் இல்லாத, சிறு அட்டை வடிவச் சேமிப்பகம்) சூட்டை வெளியே கடத்துவதற்காக அதன்மேல் இருந்த சாம்பல் நிறத் தெர்மல் பேடை, இடம் போதவில்லை என்பதற்காகப் பாதி கிழித்தெடுத்திருந்தார்கள். சூடு மிகுந்தால் எஸ்எஸ்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணினி படுத்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கும்.

திரும்பப் போய்க் கேட்டபோது, "சென்னை வெயிலுக்கு எல்லா பிசியும் சுடத்தான் சார் செய்யும், ஏசி ரூம்ல வைங்க" என்று பதில் வந்தது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊர் என்பதால்தானே காற்று வழியை அடைக்கக் கூடாது! பில்லைக் காட்டினால், அதில் டிஸ்க்கின் சீரியல் எண்ணே இல்லை.

ஆகவே, இப்படிப்பட்ட வேலைக்குக் கொடுப்பவர்கள் டிஸ்க்கின் தடிமனை உறையைப் பிரிக்கும் முன்பே கேளுங்கள். சீரியல் எண்ணைப் பில்லில் எழுத வைத்து, தயாரிப்பாளரின் இணையதளத்தில் வாரண்டி எப்போது முடிகிறது என்று கடையில் நின்றபடியே பாருங்கள். மூடியைப் பூட்டுவதற்கு முன் உள்ளே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிய மணி நேரத்தைப் பார்த்துவிட்டு, பெரிய கோப்பு ஒன்றை அரை மணி நேரமாவது பிரதி எடுக்கவிட்டு வெப்பத்தையும் கவனியுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்துவார், பொருட்படுத்த வேண்டாம்.

வேறொரு பணியாளர் தட்டை மீண்டும் பொருத்தி, 7 மி.மீ. எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டுத் தந்தபின், அதே வேலைக்கு வெப்பம் 45 டிகிரியைத் தாண்டவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். அதன்பிறகு டிஸ்க்கின் விலையை மட்டும் திருப்பித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பொருத்துக் கூலியையும் கிழிந்த பேடையும் பற்றி இதுவரை வாய் திறக்கவில்லை.