போனில் செக் போடும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் இருப்பவர்களுக்காக, குறிப்பாக வந்து கொஞ்ச நாளே ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்கு நடந்தது இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக்கூடாது.

எங்கள் கார் விபத்தில் மாட்டி, சரிசெய்ய முடியாது என்று முடிவாகி, இன்ஷூரன்ஸிலிருந்து 4,860 டாலருக்குச் செக் வந்தது. 2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து வந்து இரவு எட்டரைக்கு, செக்கின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, 'ஃபார் மொபைல் டெபாசிட் ஒன்லி' என்று எழுதி, பேங்க் ஆப்பில் இரண்டு பக்கமும் படம் பிடித்து அனுப்பினேன். காலையில் பார்த்தால் கணக்கில் முழுத் தொகையும் இருந்தது. அதை நம்பி, வாடகைக்கென்று வைத்திருந்த பணத்தை வேறொரு பழைய காருக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டேன். கார் இல்லாமல் இந்த ஊரில் வேலைக்குப் போக முடியாது.

டிசம்பர் 1 அன்று வாடகை பவுன்ஸ் ஆனது. அப்போதுதான் தெரிந்தது, நான் பார்த்தது 'கரண்ட் பேலன்ஸ்'. எடுத்துச் செலவழிக்கக்கூடிய தொகை 'அவெய்லபிள் பேலன்ஸ்' என்று தனியாக, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. பணம் டிசம்பர் 4 வரை ஹோல்டில் இருக்கும், அதாவது எடுக்க முடியாது என்ற அறிவிப்பு, ஆப்புக்குள் இருக்கும் மெசேஜ் பெட்டிக்கு எப்போதோ வந்து கிடந்தது. போனுக்கு ஒரு குறுஞ்செய்தி கூட வரவில்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை கூப்பிட்டேன். ஒருவர் அது வழக்கமான சோதனைதான் என்றார். அடுத்தவர், செக் கொடுத்தவருடைய பேங்க் இன்னும் பணம் தரவில்லை என்றார். உடனே இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கேட்டேன். நவம்பர் 26 அன்றே அவர்கள் கணக்கிலிருந்து பணம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். பணம் பேங்கின் கைக்கு வந்த பிறகும் நிறுத்தி வைத்துக்கொண்டு, வரவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது நபர் சொன்னது இன்னும் மோசம். "செக் உங்களிடம்தானே இருக்கிறது, வேறு பேங்கில் போட்டுப் பாருங்கள்" என்றார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். ஒரே செக்கை இரண்டு இடத்தில் போட்டால் இரண்டாவது திரும்பி வரும், மோசடி என்று சந்தேகப்பட்டு கணக்கையே மூடிவிடக்கூடும். எடிசனில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் தடுத்திருக்காவிட்டால் அந்தப் பதற்றத்தில் நான் செய்திருப்பேன்.

அப்புறம்தான் விதியைத் தேடிப் படித்தேன். செக் பணத்தை பேங்க் எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம் என்பதற்கு 1987-இல் வந்த சட்டமும், 'ரெகுலேஷன் சிசி' என்ற விதியும் இருக்கின்றன. கிளையில் டெல்லரிடம் (கவுன்ட்டர் ஊழியரிடம்) நேரில் கொடுத்தால், பொதுவாக முதல் 275 டாலர் அடுத்த வேலைநாளிலும், மீதி இரண்டாம் வேலைநாளிலும் கைக்கு வரவேண்டும். (2025 ஜூலை வரை இது 225 டாலராக இருந்தது.) ஒரே நாளில் 6,725 டாலருக்கு மேல் போட்டாலோ, கணக்கு தொடங்கி 30 நாள் ஆகவில்லை என்றாலோ, செக் மீது சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தாலோ கூடுதல் நாள் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் கணக்கு நான்கு வருடப் பழையது, தொகையும் வரம்புக்குள்தான்.

ஆனால் போனில் படம் எடுத்து அனுப்பும் செக் இந்த விதிக்குள் வராது என்றுதான் பேங்குகள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன. ஆப்பில் நாம் படிக்காமல் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. நான் வெள்ளி மாலை கிளை மூடுவதற்குள் நேரில் போயிருந்தால் 25-ஆம் தேதி செவ்வாய்க்கிழமையே பணம் கிடைத்திருக்க வேண்டும். இரவில் அனுப்பியதால் திங்கட்கிழமை போட்டதாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஏழு வேலைநாள் எண்ணினார்கள். நடுவில் 27-ஆம் தேதி தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வேறு.

கள்ளச் செக் மோசடி நிறைய நடக்கிறது, பேங்க் எச்சரிக்கையாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. அனுப்புவதற்கு முன்பே, 'இது டிசம்பர் 4 அன்றுதான் கிடைக்கும்' என்று திரையில் ஒரு வரி காட்டியிருந்தால் நான் அனுப்பியே இருக்கமாட்டேன்.

வாடகை, சம்பளம், இன்ஷூரன்ஸ் என்று உடனே தேவைப்படும் பணம் என்றால் கிளைக்குப் போய் டெல்லரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் "எப்போது எடுக்கலாம்" என்று கேட்டு, ரசீதில் தேதி போட்டு வாங்குங்கள். போனில்தான் போடவேண்டும் என்றால் சின்னத் தொகையாக இருக்கட்டும், அவெய்லபிள் பேலன்ஸை மட்டும் பாருங்கள், பணம் கைக்கு வரும்வரை காகிதச் செக்கைக் கிழிக்காதீர்கள்.

பேங்க் பிடித்த 34 டாலர் அபராதத்தை, கிளை மேலாளரிடம் நேரில் போய்க் கேட்டபின் திருப்பித் தந்தார்கள். வாடகை பவுன்ஸ் ஆனதற்கு வீட்டு நிர்வாகம் வாங்கிய 125 டாலர் திரும்பி வரவில்லை. நேஷனல் பேங்குகளைக் கண்காணிக்கும் ஓசிசி அமைப்பிடம், இன்ஷூரன்ஸ்காரர்கள் தந்த கடிதத்தையும் சேர்த்துப் புகார் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.