மகாலுக்குள் யாரைக் குடிவைப்பது?

வேலூர்க் கோட்டைக்குச் சாயங்காலம் நாலு மணிவாக்கில் போனால் புல்தரையில் பாதி ஊர் உட்கார்ந்திருக்கும். பேரப்பிள்ளைகளை உருதுவில் அதட்டிக்கொண்டிருக்கும் கஸ்பா பகுதிப் பாட்டி, குடியாத்தம் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று துண்டை விரித்துப் படுத்திருப்பவர், சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் வங்காளிக் குடும்பம், அகழியைப் பார்த்தபடி சுண்டல் தின்னும் காலேஜ் பிள்ளைகள். உள்ளே இருக்கிற மகால்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், "ராஜா இருந்த இடம்" என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

ராஜா இருந்தார், கைதியாக. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்த பிறகு, அவர் குடும்பத்தைக் கம்பெனிக்காரர்கள் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1816-ல் இலங்கையிலுள்ள கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் வந்து சேர்ந்தார். 1832-ல் சாகும்வரை அவர் ஊர் திரும்பவில்லை. மகால் என்று பெயர் பெரிதாக இருந்தாலும், வாசலில் காவல் போட்ட குடித்தன வீடுகள்தான் அவை. அவற்றில் ஒன்றை வீட்டு அருங்காட்சியகமாக ஆக்கினால், புல்தரையில் இருக்கிற கூட்டத்துக்கு அது எப்படிப் பயன்பட வேண்டும்? இந்தப் பேச்சை எடுத்தாலே எங்கள் நண்பர் வட்டம் மூன்று கட்சியாகிவிடும்.

முதல் கட்சி கண்ணாடிப் பெட்டிக்காரர்கள். வாள், நாணயம், பாத்திரம் எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டு, பக்கத்தில் போர்டு மாட்டு, ஒரு காவலாளியைப் போடு, முடிந்தது. செலவு குறைவு, பொருளுக்கும் ஆபத்தில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அறுபது பேரை ஒரே வரிசையில் விட்டு எடுத்துவிடலாம். குறை என்னவென்றால், படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த வீடு பேசும். வங்காளி நோயாளிகள் தங்குகிற பாபு ராவ் தெரு லாட்ஜ்காரர்கள் வங்காளியில் போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் யாரென்று அவர்களுக்குத் தெரியும். அந்த அளவு கூட அருங்காட்சியகங்கள் யோசிப்பதில்லை. வேறொரு ஊரில் இப்படி ஒரு கண்ணாடிக்கு முன்னால் என் பெரியம்மா நின்றுவிட்டார். உள்ளே ஒரு பெரிய செம்பு அண்டா. "இவ்ளோ பெருசை யாருடா தேய்ச்சிருப்பாங்க?" என்று கேட்டார். போர்டில் நூற்றாண்டு இருந்தது, எடை இருந்தது. அதற்கு மட்டும் பதில் இல்லை.

இரண்டாவது கட்சி, வீட்டை ஊர்க்கூடமாகத் திறந்துவிடு என்கிறது. தையல் வகுப்பு, முஷாயிரா என்கிற உருதுக் கவியரங்கம், நாட்டுப்புறப் பாட்டு, போட்டித் தேர்வுக்குப் படிக்க மேசை. இவர்கள் கையில் இருக்கிற பெரிய சாட்சி சிகாகோவின் ஹல் ஹவுஸ். 1889-ல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் ஒரு பழைய பங்களாவில் குடியேறி, சுற்றியிருந்த இத்தாலியர், கிரேக்கர், யூதர் என்று புலம்பெயர்ந்தவர்களுக்குப் பள்ளியும் படிப்பறையும் நடத்திய வீடு அது. இன்று அருங்காட்சியகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. 1959-ம் வருட விதிகளின்படி எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அங்கே கூட்டமோ விருந்தோ நடத்த முடியாது. விதியை விடுங்கள், நம் ஆட்களைத் தெரியாதா? முதல் மாதம் கவியரங்கம், மூன்றாம் மாதம் மைக் செட், ஆறாம் மாதம் சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்து ஃபிளெக்ஸ். அப்புறம் சாவி யார் கையில் என்ற கேள்வி வரும். செல்வாக்குள்ள ஒரு சங்கத்திடம் அது போய்ச் சேர்ந்தால், மற்றவர்கள் மறுபடி புல்தரைக்குத்தான்.

மூன்றாவது கட்சி கதைக்காரர்கள். அறை அறையாக ஒருவர் அழைத்துப் போய், இங்கே இன்னார் சமைத்தார், இன்னார் அழுதார் என்று சொல்ல வேண்டும். நியூயார்க்கில் ஆர்ச்சர்டு தெரு 97-ம் எண் வாடகைக் கட்டடம் அப்படித்தான் நடக்கிறது. 1863-ல் கட்டியது, 1935 வரை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த சுமார் 7,000 பேர் மாறி மாறிக் குடியிருந்தார்கள். ராஜா ஒருவரும் இல்லை. தையல்காரர் வீட்டு அடுப்பைக் காட்டித்தான் அங்கே கூட்டம் சேர்க்கிறார்கள்.

நான் இந்தக் கட்சி. காரணம் ஒரு வங்காளிக்காரர். நான் என் சொந்தக்காரர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் சும்மா கூடவே நடந்து வந்தார். 1806 ஜூலை 10-ம் தேதி இங்கே கம்பெனியை எதிர்த்துச் சிப்பாய்கள் செய்த கலகத்தைச் சொன்னேன்: தாடிக்கும் நெற்றிக் குறிக்கும் தடை, தோல் வைத்த புதுத் தலைப்பாகை, முந்தைய நாள் திப்புவின் மகளுக்குக் கல்யாணம். கலகம் அடங்கியதும் திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு ஏற்றிவிட்டார்கள் என்று என் அரைகுறை இந்தியில் முடித்தேன். மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தினமும் பஸ் மாறுகிற இடம் கல்கத்தாவின் தர்மதலா. அங்கே இருக்கிற திப்பு சுல்தான் மசூதியை 1842-ல் கட்டியவர் திப்புவின் கடைசி மகன் குலாம் முகம்மது, இங்கிருந்து போன பையன். "எங்க மசூதிக்காரர் உங்க ஊர்ப் பிள்ளையா!" என்றார். ரிசல்ட்டை அவர் அரைமணி நேரம் மறந்திருந்தார் என்று நினைக்கிறேன்.

இதைத்தான் சொல்ல வருகிறேன். இந்த வீட்டுக்கு ஊர் மக்களோடு புதிதாக உறவு உண்டாக்க வேண்டியதில்லை, இருக்கிற உறவைச் சொன்னால் போதும். கண்டி மன்னர் மதுரை நாயக்கர் வழி, பிறந்த பெயர் கண்ணுசாமி. தெலுங்கு பேசுகிற குடும்பத்துக்கு அந்த அறை சொந்தம். கஸ்பா பாட்டிக்குப் பேகம்களின் அறை. பெரியம்மாவின் அண்டாவுக்கும் இங்கே இடம் உண்டு: ஒரு கல்யாண வீட்டுக்கு எத்தனை பேர் தண்ணீர் சுமந்திருப்பார்கள், எத்தனை பேர் பாத்திரம் தேய்த்திருப்பார்கள்! பெயர் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதையும் அந்த அடுப்படியில் நின்று சொல்லலாம்.

குறைகள் எனக்கும் தெரியும். ஓர் அறைக்குள் பதினைந்து பேருக்கு மேல் நிற்க முடியாது. சொல்கிறவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். சரியாகப் பழக்காவிட்டால், விரிஞ்சிபுரம் வரை சுரங்கம் போகிறது என்று அளந்துவிடுவார். திப்பு விஷயத்தில் ஒருவர் மகான் என்பார், இன்னொருவர் கொடியவர் என்பார். நடுவில் நிற்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஆனாலும் கஸ்பாவில் இருந்து இரண்டு பெண்கள் காலையில் உருதுவிலும், நாலு மணிக்கு மேல் ஒருவர் வங்காளியிலும் சொன்னால், அந்தச் சம்பளம் வீண் போகாது. கண்ணாடிப் பெட்டிக்கு ஓர் அறை கொடுத்துவிடலாம். ஊர்க்கூடத்துக்கு அனுமதி கிடைக்கிற நாட்களில் முற்றம் மட்டும், மைக் இல்லாமல்.

அந்த வங்காளிக்காரரின் அம்மா அன்றைக்குச் சக்கர நாற்காலியில் படிக்குக் கீழேயே இருந்துவிட்டார். மகன் இறங்கிப் போய், குனிந்து, கை ஆட்டி ஆட்டி அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எடுத்து வைத்துக் கழற்றுகிற மாதிரி மரப்பலகையில் ஒரு சாய்தளம் போட வேண்டும் என்பதில் மட்டும் எங்கள் மூன்று கட்சிக்கும் சண்டை இல்லை.