பீக் ஃப்ளோ மீட்டர்: கார்டிங் பிரிவில் இருந்தவன் எழுதும் மதிப்புரை

பிரஷர் மெஷினும் சுகர் மெஷினும் எந்த மருந்துக்கடையிலும் கண்ணாடி அலமாரியின் முன்வரிசையில் இருக்கும். பீக் ஃப்ளோ மீட்டர் என்று கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் "அது என்னங்க?" என்பார்கள். திருப்பூரில் நான் வாங்கிய கடையிலும் ஆர்டர் போட்டு வரவழைத்துத்தான் கொடுத்தார்கள். விலை சில நூறு ரூபாய்தான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், என்னைப் போலத் தூசிக்குள் வேலை செய்கிறவர்களுக்கும் இவ்வளவு உபயோகமான ஒரு பொருள் கேட்பாரற்றுக் கிடப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் வாய் வைக்கும் துண்டு. மேலே 60 முதல் 800 வரை அளவு போட்டிருக்கும், அதன்மேல் நகரும் முள் ஒன்று. பேட்டரி கிடையாது, திரை கிடையாது. மூச்சை முழுதாக இழுத்து ஒரே வீச்சில் பலமாக ஊதினால், முள் நகர்ந்து போன இடத்திலேயே நிற்கும். நம் மூச்சு வெளியேறும் உச்ச வேகம் அதுதான், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கில். மூச்சுக்குழாய் சுருங்கினால் எண் இறங்கும், விரிந்தால் ஏறும்.

நான் அவிநாசி பக்கம் ஒரு நூற்பாலையில் பல வருடங்கள் கார்டிங் பிரிவில் இருந்தேன். பஞ்சாலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பேல் என்னும் பஞ்சுப் பொதியைப் பிரித்து, பஞ்சை உதறிச் சுத்தம் செய்யும் இடம் ப்ளோ ரூம். அதைச் சீவி ஸ்லைவராக, அதாவது தளர்வான கயிறு மாதிரி, இழுக்கும் இடம் கார்டிங். ஆலையில் தூசி அதிகம் பறப்பது இந்த இரண்டு இடங்களில்தான். வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள், மதியத்துக்கு மேல் எனக்கு நெஞ்சு இறுகும். இருமல் வரும், சளி வராது. மறுநாள் குறையும். வாரக் கடைசியில் ஒன்றுமே இருக்காது. தீபாவளி, பொங்கல் என்று நீண்ட லீவு விட்டு வந்தால் இன்னும் மோசம். "லீவு போட்டு வந்தா அப்படித்தான்டா இருக்கும், ரெண்டு நாள்ல பழகிடும்" என்பார்கள் பழைய ஆட்கள்.

டாக்டரிடம் போவதற்கு நமக்கு வேலையில்லாத நாள்தானே கிடைக்கும்? அன்றைக்கு ஸ்டெதாஸ்கோப் வைத்தால் நெஞ்சில் ஒரு சத்தமும் இருக்காது. எக்ஸ்ரேயும் சுத்தமாக வரும். சளிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. நோய் தலைகாட்டுவது சாயங்காலம் 4 மணிக்குக் கார்டிங் மெஷினுக்குப் பக்கத்தில், டாக்டர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை காலை கிளினிக்கில். இந்த மீட்டர் உதவுவது அங்கேதான். அது நம்மோடு சாப்பாட்டுப் பையிலேயே ஆலைக்குள் வந்துவிடுகிறது.

கோயம்புத்தூரில் ஒரு நெஞ்சக நோய் மருத்துவர்தான் முதன்முதலில் என்னிடம் "எந்தக் கிழமை இறுகுது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பெரிய வரலாறு இருப்பது பின்னால்தான் தெரிந்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் 1950களில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் தொழிலாளர்களிடம் இதே மாதிரிக் கேள்வி கேட்டுத்தான், பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோயைப் படிநிலை பிரித்தார். வாரத்தின் முதல் வேலைநாளில் எப்போதாவது இறுகினால் அரை. ஒவ்வொரு வாரமும் முதல் நாள் இறுகினால் ஒன்று. மற்ற நாட்களுக்கும் பரவினால் இரண்டு. மூச்சுத்திறன் நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் மூன்று. முதல் படிகளில் தூசியை விட்டு விலகினால் மீள வழி உண்டு. மூன்றாவது படிக்குப் போய்விட்டால் திரும்பி வருவது கடினம்.

"பழகிடும்" என்று பழைய ஆட்கள் சொன்னதை நினைத்தால் எனக்கு இப்போது வயிறு கலங்குகிறது. வாரக் கடைசியில் இறுக்கம் விட்டுப்போவதால், உடம்பு தூசியை ஏற்றுக்கொண்டது என்று ஆகாது. வருடக்கணக்கில் அப்படியே விட்டால் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டே போகலாம். இதற்கு முக்கியக் காரணமாக ஆராய்ச்சிகள் காட்டுவது வெறும் பஞ்சு நாரை அல்ல. பஞ்சோடு வரும் இலைத் துணுக்கு, சருகு இவற்றில் இருக்கும் பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற பொருளை. அதனால்தான் குப்பை அதிகமுள்ள மட்டமான பஞ்சு ஓடும் வாரத்தில் தொல்லை கூடுகிறது.

இந்தக் கருவி பிறந்த இடமும் தூசியோடு சம்பந்தப்பட்டதுதான். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் அருகில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயை ஆராய ஒரு பிரிவு இருந்தது. அங்கே வேலை பார்த்த மார்ட்டின் ரைட் என்பவர் 1950களில் முதல் பீக் ஃப்ளோ மீட்டரை உருவாக்கினார். 1959இல் மெக்கெரோ என்பவருடன் சேர்ந்து அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அந்த மெக்கெரோவும் ஷில்லிங்கும் வேறு இருவரும் சேர்ந்து 1958இலேயே பஞ்சாலைத் தொழிலாளர்களின் மூச்சுத்திறன் வேலைநாளின் போக்கில் எப்படி மாறுகிறது என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் வந்த மீட்டர் பெரியது, விலையும் அதிகம். 1970களில் கைக்கு அடக்கமான சிறிய வடிவம் வந்தபிறகுதான் நோயாளியே வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தது. சுரங்கக்காரர்களுக்காக நடந்த ஆராய்ச்சியிலிருந்து வந்த கருவி என் பையில் இருப்பதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

சரி, உபயோகிப்பது எப்படி? நின்றுகொண்டு ஊத வேண்டும். முள்ளை அடிக்குத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். விரல் முள்ளின் பாதையில் படக்கூடாது. உதடுகள் குழாயை இறுகக் கவ்வ வேண்டும், நாக்கு துளையை மறைக்கக்கூடாது. நீளமாக ஊத வேண்டியதில்லை, முதல் வேகம்தான் கணக்கு. மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை மட்டும் எழுத வேண்டும், சராசரி போடக்கூடாது. துப்புகிற மாதிரி கன்னத்தையும் நாக்கையும் வைத்துத் தள்ளினால் எண் பொய்யாக ஏறிவிடும். பக்கத்தில் யாராவது தெரிந்தவர் பார்த்துத் திருத்தினால் சீக்கிரம் பிடிபடும். எனக்கு அந்த கிளினிக்கின் நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார்.

எந்த எண் நல்ல எண்? பெட்டியோடு வரும் அட்டவணையில் உயரம், வயது பார்த்து ஒரு எண் போட்டிருக்கும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல அட்டவணைகள் ஐரோப்பியர்களை அளந்து போட்டவை, நம் ஆட்களின் அளவு பொதுவாக அதைவிடக் குறைவாகவே வரும். உடம்பு நன்றாக இருக்கும்போது நாமே ஊதி எட்டும் உச்சம்தான் நமக்கு அளவுகோல். எனக்கு அது 480. அதில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், 50க்குக் கீழே சிவப்பு. ஆக 384க்குக் கீழே போனால் எனக்குக் கவனம் தேவை, 240க்குக் கீழே போனால் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி. பல மீட்டர்களில் மூன்று நிறத்துக்கும் நகர்த்தி வைக்கும் கொக்கிகள் இருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாத என் அம்மாவுக்குக்கூட முள் எந்த நிறத்தில் நிற்கிறது என்று சொல்லத் தெரியும்.

வேலையால் வரும் நோயா என்று பார்க்க, காலை மாலை இரண்டு தடவை போதாது. ஒரு நாளில் குறைந்தது நான்கு தடவை, சில வாரங்களுக்கு, வேலைநாளும் லீவு நாளும் சேர்த்து எழுத வேண்டும். பிரிட்டனின் பர்மிங்ஹாமில் ஷெர்வுட் பர்ஜ் குழுவினர் இப்படிப்பட்ட பதிவுகளைப் படித்துச் சொல்வதற்கென்றே ஒயாசிஸ் என்று ஒரு கணினி நிரல் உருவாக்கினார்கள். என்னிடம் இருந்தது நாற்பது பக்க நோட்டும் பேனாவும்தான். எழுந்தவுடன், ஷிப்டுக்குள் நுழையும்முன், டீ இடைவேளையில், ஷிப்டு முடிந்து, படுக்கும்முன் என்று எழுதினேன். பக்கத்து மெஷின் தம்பி, "என்னங்ணா, நாதஸ்வரம் கத்துக்கறீங்களா?" என்று கேட்பான். பிறகு அவனும் ஒன்று வாங்கினான்.

அந்த நோட்டு காட்டியதுதான் முக்கியம். சாதாரணமாக எல்லோருக்கும் அதிகாலையில் மூச்சு வேகம் குறைவாகவும் பிற்பகலில் கூடுதலாகவும் இருக்கும். லீவு நாளில் எனக்கும் அப்படித்தான் ஏறியது. வாரத்தின் முதல் டே ஷிப்டில் மட்டும் தலைகீழ்: காலை 8 மணிக்கு 470, ஷிப்டு முடியும்போது 390. ஏற வேண்டிய நேரத்தில் இறங்குகிறது. ஒரு வாரம் என்றால் தற்செயல் எனலாம், வாராவாரம் அதே நாளில் அதே பள்ளம். மருத்துவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இது இல்லைன்னா நான் ஆஸ்துமான்னு மட்டும் எழுதியிருப்பேன்" என்றார். பிறகு ஸ்பைரோமெட்ரி, அதாவது மெஷினில் ஊதவைத்து மூச்சின் அளவையும் வேகத்தையும் பார்க்கும் பரிசோதனை, எடுத்தார்கள், லீவு முடிந்த முதல் நாளில், ஷிப்டுக்கு முன்னும் பின்னும். அமெரிக்காவில் 1978இல் வந்த பஞ்சுத் தூசி விதிகளும் இதே முறையைத்தான் சொல்கின்றன. குறைந்தது 35 மணி நேரம் தூசியில்லாமல் இருந்துவிட்டு, வேலைக்கு நுழையும்முன் ஒரு தடவை, உள்ளே போய் சில மணி நேரம் கழித்து ஒரு தடவை. நூல் உற்பத்தி செய்யும் இடத்தில் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் தூசிக்கு மேல் கூடாது என்று அளவும் வைத்தார்கள்.

நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே பிஸினோசிஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. எங்கள் பிரிவில் இருந்த யாருக்கும் அந்தப் பெயரே தெரியாது. மில்களில் ஆட்கள் இல்லாத நோயா இது? அளக்க ஆளில்லாத நோய் என்பதுதான் என் எண்ணம்.

இப்போது நான் நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் இருக்கிறேன். அங்கேயும் தூசி உண்டு, ஆனால் கார்டிங் அளவுக்கு இல்லை. மருத்துவர் கடிதம் கொடுத்தார், அதோடு நோட்டின் ஜெராக்ஸையும் வைத்துக் கொடுத்தேன். சும்மா "நெஞ்சு அடைக்குதுங்க" என்று சொல்லி நின்றிருந்தால் பேச்சு எவ்வளவு தூரம் போயிருக்குமோ தெரியாது. எண்களை வைத்துப் பேசினால் மேஸ்திரி முதல் மேனேஜர் வரை உட்கார்ந்து கேட்கிறார்கள். இப்போது முதல் நாள் பள்ளம் 20, 30க்கு மேல் போவதில்லை.

குறைகளும் உண்டு. இது நாம் ஊதும் வேகத்தை நம்பிய கருவி. சோர்வாக ஊதினால் எண் குறையும், அதனால் ஒரே ஒரு தடவை வந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவும் கூடாது, நிம்மதியடையவும் கூடாது. பெரிய மூச்சுக்குழாய்களின் நிலவரத்தைத்தான் முக்கியமாகக் காட்டும். பீடி, சிகரெட்டால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பை இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ஸ்பைரோமெட்ரி வேண்டும். முழு நைட் ஷிப்டில் தூக்கம் மாறுவதால் உடம்பின் ஏற்ற இறக்கமும் குழம்பும், அந்த வாரத்துப் பதிவைத் தனியாகக் குறித்து வைப்பது நல்லது. அப்புறம் முக்கியமான ஒன்று: பழைய ரைட் அளவுகோலும் பின்னால் வந்த ஐரோப்பிய அளவுகோலும் ஒரே ஊதலுக்கு வேறு வேறு எண் காட்டும். ஆகவே பதிவை ஆரம்பித்த மீட்டரிலேயே முடியுங்கள். புதிது வாங்கினால் உங்கள் உச்ச எண்ணை மறுபடி புதிதாகக் கண்டுபிடியுங்கள். ஒருவர் ஊதியதை இன்னொருவர் ஊத வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்தபிறகு வையுங்கள். தூசிக்குள் கொண்டுபோகிறவர்கள் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், பஞ்சு உள்ளே போனால் முள் சிக்கும். குழந்தைகளுக்கும், மூச்சு மிகவும் குறைந்தவர்களுக்கும் சின்ன அளவுகோல் உள்ள மீட்டர் தனியாக வருகிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தயாரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. பெட்டியில் வரும் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கிறது, எழுத்து எறும்பு அளவு. தமிழில் ஒரு பக்கம் சேருங்கள். உள்ளே வைக்கும் பதிவுத்தாளில் காலை, மாலை என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. டே, அரை நைட், முழு நைட் என்று ஷிப்டுக்கு ஒரு கட்டமும், "இன்று லீவா, வேலையா, எந்தப் பிரிவு?" என்று எழுத ஒரு கட்டமும் போடுங்கள். பஞ்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கும், மாவு மில்லில், கல் குவாரியில், மரப் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கும் அந்தத் தாள் ஒன்று போதும், டாக்டர் முன்னால் வைக்க.