கஸ் ரூஹா, மிட்டி அத்தரா: வெயில் காலத்துக்கு எந்தக் குப்பி?

அத்தர் வியாபாரத்தில் ஆண்டுக்கு இரண்டே பருவங்கள். குளிருக்கு ஹினா, ஷமாமா, ஊத், அம்பர். வெயிலுக்கு குலாப், கேவ்டா, கஸ், மிட்டி. முதல் வகையைச் சித்திரை வெயிலில் பூசிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோடை வகையிலும் குலாபும் (ரோஜா) கேவ்டாவும் (நம் தாழம்பூதான்) பூ மணம். ஆசைப்பட்டு வாங்கிவிட்டு அந்த இனிப்பு திகட்டுகிறது என்பவர்கள் நிறைய. மிஞ்சுவது கஸ், மிட்டி. முன்னது வெட்டிவேர், பின்னது சுட்ட மண்.

இரண்டும் உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் ஒரே மாதிரியான செப்புக் கலத்தில் வடிகின்றன. அங்கே அதை தேக் என்கிறார்கள். பண்டத்தையும் தண்ணீரையும் போட்டு, மூடியின் விளிம்பைக் களிமண் பூசி அடைத்து, அடியில் தீ மூட்டுகிறார்கள். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியே இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் பப்கா என்ற கலத்தில் குளிர்ந்து சேர்கிறது. வெப்பமானி கிடையாது. கலத்தைத் தொட்டுப் பார்த்தே தீயைக் கூட்டுவதும் குறைப்பதும்.

வேறுபாடு பப்காவுக்குள் இருக்கிறது. கஸ் ரூஹுக்கு அது வெறும் கலம். வேரின் எண்ணெய் நீரோடு வந்து சேர்கிறது, பிரித்து எடுத்தால் சரக்கு தயார். ரூஹ் என்றால் வேறு எண்ணெய் எதுவும் கலக்காதது. மிட்டியில் அது நடக்காது. காய்ந்த குளத்து மேல்மண்ணைத் தட்டி, சூளையில் அரைவேக்காடாகச் சுட்டு, அந்த ஓடுகளைத்தான் தேக்கில் அடுக்குகிறார்கள். மண்ணிலிருந்து வருவது மணம்தானே தவிர, அளந்து எடுக்கும் அளவுக்கு எண்ணெய் இல்லை. அதனால் பப்காவில் முன்கூட்டியே சந்தன எண்ணெயை ஊற்றி வைக்கிறார்கள். வடிந்த நீரைப் பிரித்து மீண்டும் தேக்கில் ஊற்றி, புது ஓடுகளை வைத்து, சந்தனம் அந்த மணத்தைக் குடித்துத் தீரும்வரை தொடர்கிறார்கள். 1964இல் ஆஸ்திரேலியாவின் பேர், தாமஸ் என்ற இரு விஞ்ஞானிகள் மழை மண்ணின் மணத்துக்கு பெட்ரிகோர் என்று பெயரிட்டு நேச்சர் இதழில் எழுதியபோது, இந்தியாவில் இதை ஏற்கெனவே வடித்து விற்கிறார்கள் என்பதையும் குறிப்பிட்டார்கள்.

இங்கிருந்துதான் என் கட்சி தொடங்குகிறது. மிட்டி வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது சந்தனத்தை. பூசியவுடன் வருவது புதுப் பானையில் முதல் தண்ணீர் ஊற்றிய மணம். சந்தேகமே இல்லாமல் அது மண். ஆனால் சிறிது நேரத்தில் அது அடங்க, சந்தனம் முன்னுக்கு வந்து கடைசிவரை தானே நிற்கிறது. நல்ல சந்தனமானால் அதில் குறையில்லை. சிக்கல் என்னவென்றால் சந்தன மரம் அருகி, எண்ணெய் விலை ஏறி, பல பட்டறைகள் லிக்விட் பாரஃபின் போன்ற மணமற்ற தாங்கல்களுக்கு (மணத்தை ஏந்தி நிற்கும் எண்ணெய்களுக்கு) மாறி நெடுநாள் ஆகிறது. அப்படிப்பட்ட மிட்டியில் மண் அடங்கிய பிறகு கையில் மிஞ்சுவது பிசுபிசுப்பு. ஆகவே மலிவான மிட்டி என்ற ஒன்றை நான் நம்புவதில்லை. கடையில் குப்பியின் வாயை முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். மணிக்கட்டில் ஒரு தொடுப்பு வைத்துக்கொண்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு, கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வாருங்கள். அப்போது என்ன மணக்கிறதோ அதற்குத்தான் காசு.

கஸ் இதற்கு நேர் எதிர். முதல் முகர்வில் பலருக்குப் பிடிக்காது. ஈர வேர், பச்சைக் கசப்பு, லேசான புகை. வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர் குடித்துப் பழகியவர்களே கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், அவ்வளவு செறிவு. கனத்த எண்ணெய் ஆகையால் மெல்லத்தான் ஆவியாகும். நேரம் ஆக ஆக கசப்பு தணிந்து உலர்ந்த மர மணமாக நிற்கும். காலையில் பூசியது மாலையிலும் சட்டைக் காலரில் இருக்கும். செப்புக் கலத்தில் வடித்த ரூஹுக்குப் பச்சை நிறம் ஏறுவதால் வெள்ளைச் சட்டையில் கறை படியும், அது ஒரு தொல்லை. நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. சாயம் கலப்பது கடினமான வேலையல்ல.

நம் கடலூர்க் கரையோர மணலிலும் வெட்டிவேர் பயிராகிறதே, அந்த எண்ணெய் போதாதா என்று கேட்கலாம். அது வேறு சரக்கு. வட இந்தியாவில் காட்டில் தானாக வளரும் வேரின் எண்ணெய், ஆய்வகத்தில் அதனூடே செலுத்தும் முனைவாக்கிய (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியின் தளத்தை இடப்புறம் திருப்பும், தென்னிந்திய எண்ணெய் வலப்புறம் திருப்பும், உட்கூறுகளே மாறுகின்றன. தெற்கத்தியது சுத்தமானது, சோப்புக்கும் தைலத்துக்கும் பொருத்தமானது. கஸ் ரூஹில் வரும் அந்தச் சேற்று ஈரம் அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஸ்ப்ரே பாட்டில்களை இந்தப் போட்டியில் சேர்க்கத் தேவையில்லை. ஆல்கஹால் பறக்கும்போது மணத்தையும் அறை முழுக்கத் தூக்கிச் செல்லும். எண்ணெய் தோலோடு ஒட்டி, நெருங்கி வருபவருக்கு மட்டும் தெரியும். பிரெஞ்சுப் பெர்ஃப்யூம்களின் நகலாக வரும் ரோல்-ஆன் எண்ணெய்கள் அத்தரே அல்ல, ஆனால் விலைக்கு மோசமில்லை.

பூசுவதில் பெரிய வித்தை இல்லை. கண்ணாடிக் குச்சியால் காதின் பின்புறம், மணிக்கட்டு, முழங்கை மடிப்பு. முதல் தடவையானால் ஓர் இடத்தில் மட்டும் தொட்டு, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று ஒரு நாள் பாருங்கள். பழைய ஆட்கள் பஞ்சுத் துணுக்கை அத்தரில் தோய்த்துக் காது மடலின் குழிவில் செருகிக்கொள்வார்கள். மிட்டிக்கு அதுதான் சிறந்த வழி: தோலின் சூட்டில் அவசரமாக ஓடிவிடாமல், பஞ்சிலிருந்து மண் மணம் கொஞ்சம் கூடுதல் நேரம் கசியும்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் என் ஓட்டு கஸ் ரூஹுக்கு. குலாப் ரூஹின் விலையோடு ஒப்பிட்டால் பல மடங்கு மலிவு, தாங்கலில் ஏமாறும் பயம் குறைவு, தோலிலும் துணியிலும் நின்று உழைக்கும். தைரியமாக ஒரு தோலா, அதாவது சுமார் 12 மில்லி வாங்கலாம். வெயில் படாமல் வைத்தால் வருடக்கணக்கில் மேலும் பக்குவப்படும். மிட்டியைச் சந்தனத்தின் மேல் ஆசை உள்ளவர்கள் 3 மில்லி குப்பியில் தொடங்கட்டும். இரண்டையும் விட மனமில்லாதவர்கள் மஜ்முவா கேட்டுப் பார்க்கலாம். கஸ், மிட்டி, கேவ்டா, கடம்பு நான்கையும் சேர்த்த கலவை அது. அதில் கஸ் தன் கசப்பை விட்டுக்கொடுத்திருக்கும், மிட்டி பின்னால் எங்கேயோ நிற்கும்.