பாஸ்புக்கை வாசிக்கக் கற்றுத்தந்த பயிற்சி

குடும்ப வன்முறை வழக்குகளை விசாரிக்கும் நீதித்துறை நடுவர்களுக்காக எங்கள் மாவட்டத்தில் நடந்த ஒருநாள் பயிற்சியில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தேன். பாதிக்கப்பட்ட பெண்களின் புகாரைப் பதிந்து நீதிமன்றத்துக்கு எடுத்துச்செல்லும் பாதுகாப்பு அலுவலராகப் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்பதால் அழைத்திருந்தார்கள். நீதித்துறையினருக்கும் காவல்துறையினருக்கும் அவ்வப்போது இத்தகைய பயிற்சி கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்று குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவு சொல்கிறது. என் பணிக்காலத்தில் இப்படியொன்றை நான் கண்ணால் பார்த்ததில்லை.

காலை முதல் அமர்வு வெறும் சட்டப்பிரிவு வாசிப்பு. அந்த அறையில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. இரண்டாவது அமர்வுதான் பயிற்சி.

நடுவர் ஒருவர் கேட்டார்: "மனுதாரர் ஆசிரியை. மாதாமாதம் சம்பளம் வாங்குகிறார். அவருக்கு எங்கிருந்து மேடம் பொருளாதார வன்முறை?" பெண்ணுக்கு உரிய பணம் அவளுக்குக் கிடைக்காமல் செய்வதைத்தான் சட்டம் பொருளாதார வன்முறை என்கிறது. அந்த நடுவரின் கேள்வியை நீதிமன்ற வராந்தாவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பயிற்சி தந்த வழக்கறிஞர் வாதத்தில் இறங்கவில்லை. பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்த ஒரு பாஸ்புக் நகலை எல்லோருக்கும் கொடுத்து, "பத்து நிமிடம் இதை மட்டும் பாருங்கள் சார்" என்றார்.

ஒன்றாம் தேதி சம்பளம் வரவு. அன்று மாலையே ஏடிஎம்மில் இரண்டு தடவையாக எடுப்பு. மீதி 212 ரூபாய். அடுத்த மாதமும் அப்படியே. பதினான்கு மாதங்கள். பணம் எடுத்த ஏடிஎம் அந்த ஆசிரியையின் ஊரிலேயே இல்லை, கணவரின் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த இளம் நடுவர் பென்சிலால் தேதிகளை ஒவ்வொன்றாக வட்டமிட்டுக்கொண்டே போனார். கேள்வி கேட்டவரோ, "இதை யாரும் என் முன்னால் வைத்ததே இல்லையே" என்றார்.

அதன்பின் பேச்சு சூடுபிடித்தது. மகளிர் குழுக் கடன் மனைவி பெயரில், செலவு கணவர் கையில், தவணை மட்டும் மனைவி தலையில். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் வரவாகிறது, ஏடிஎம் அட்டை மாமியாரிடம். 18ஆவது பிரிவின்கீழ் வங்கிக் கணக்கையும் லாக்கரையும் கணவர் கையாளத் தடை விதிக்கலாம் என்பதையும், 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இரு தரப்பும் தாக்கல் செய்யும் சொத்து, கடன் பிரமாணப் பத்திரத்தை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதையும் அந்த வழக்கறிஞர் வரிவரியாகக் காட்டினார். இந்த அமர்வுக்கு மனதாரப் பாராட்டு.

மதிய அமர்வில்தான் ஏமாற்றம். ஒருவரின் அன்றாட வாழ்வையே பிடிக்குள் வைத்திருக்கும் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கியது இருபத்தைந்தே நிமிடம். அதிலும் பாதி நேரம் இத்தகைய கட்டுப்பாட்டைக் குற்றமாக்கிய இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் ஸ்காட்லாந்துச் சட்டத்துக்கும் போய்விட்டது. தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் நம் சட்டத்தின் 3ஆவது பிரிவிலேயே இரண்டாவது விளக்கம் இருக்கிறது: ஒரு நடத்தை குடும்ப வன்முறையா என்று முடிவுசெய்ய, வழக்கின் ஒட்டுமொத்தச் சூழ்நிலையையும் கருத்தில் கொள்ள வேண்டும். தனித்தனியாக அற்பமாகத் தெரிகிற பத்துச் செயல்களைச் சேர்த்துப் பார்க்க நடுவருக்கு அதைவிட என்ன வேண்டும்? அந்த வரியை யாரும் வாய்விட்டு வாசிக்கவில்லை.

என்னிடம் வந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டேன். 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், கணவரிடம் காசு கேட்காமலே என் அலுவலகம்வரை வர முடிந்தது. ஆனால் அவர் எங்கே போய்வந்தாலும் அந்தக் கட்டணமில்லா டிக்கெட்டைக் கணவரிடம் காட்ட வேண்டும். நேரம் பார்ப்பார். இருபது நிமிடம் தாமதமென்றால் அன்று இரவு கைப்பேசி பறிபோகும், மறுநாள் அடுப்பெரிக்க பூட்டிவைத்த சிலிண்டரின் சாவி கிடைக்காது. பாதுகாப்பு அலுவலர் நடுவருக்கு அனுப்பும் குடும்ப நிகழ்வு அறிக்கையில் 'வேறு ஏதேனும்' என்ற இடத்தில் இதை எழுதி, டிக்கெட் நகலையும் இணைத்தேன். நீதிமன்றத்தில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "அடித்தாரா?" இல்லை என்றார். இடைக்கால உத்தரவு கிடைக்கவில்லை.

சட்டம் தெரிந்தவர்களுக்கு நடத்தும் பயிற்சி என்றால் காலைப் பாடத்தை எடுத்துவிட்டு, அந்த நேரத்தை மதியத்துக்குத் தரலாம். வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களையும் உட்காரவைக்க வேண்டும். பாஸ்புக்கை நடுவர் முன் வைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். கருத்துப் படிவத்தில் இரண்டையும் எழுதினேன். அடுத்த முறை பாஸ்புக் நகலோடு ஒரு பேருந்து டிக்கெட்டின் நகலையும் மேசையில் வையுங்கள், நான் கொண்டுவந்து தருகிறேன் என்றும் எழுதிக் கொடுத்தேன்.