யூனிட்டியா, அன்ரியலா? மாணவர் குழுவின் விஆர் கேமுக்கு எது தோது

விஆர் (மெய்நிகர்) கேமை எந்த எஞ்சினில், அதாவது கேம் உருவாக்கும் மென்பொருளில், செய்வது என்று பேச உட்கார்ந்தாலே, "எதுல விஷுவல்ஸ் நல்லா வரும்?" என்றுதான் குழு ஆரம்பிக்கும். அந்தக் கேள்விக்கு அன்ரியல் ஜெயித்துவிடும். குழுவை நடத்துபவர் கேட்க வேண்டியது வேறு: எல்லாரும் ஒரே நேரத்தில் கை வைத்தால் புராஜெக்ட் தாங்குமா?

கோடு எழுதாமல் கட்டங்களைக் கோத்தே கேமை இயக்கவைக்கும் அன்ரியலின் ப்ளூபிரிண்ட் மாணவர்களுக்குப் பெரிய வரம். கோடிங் தெரியாத ஆர்ட்டிஸ்ட்கூட கைப்பிடியை இழுத்தால் கதவு திறக்கும்படி செய்துவிடலாம். ஆனால் அது பைனரி ஃபைல், டெக்ஸ்ட் போல வரி வரியாகப் படிக்க முடியாது. ஒரே ப்ளூபிரிண்டை இரண்டு பேர் திருத்திவிட்டால், குழுவின் மாற்றங்களைச் சேர்த்து வைக்கும் கிட் (Git) அதை மெர்ஜ் செய்யாது, அதாவது இரண்டையும் ஒன்றாக்காது. ஒருவருடைய உழைப்பைத் தூக்கிப்போட வேண்டும். டெமோவுக்கு முந்தைய இரவில் இது நடந்தால் மனஸ்தாபத்தில்தான் முடியும். ஃபைல் லாக் (ஒருவர் திருத்தும்போது மற்றவர் தொட முடியாமல் பூட்டுவது) இல்லாமல் அன்ரியலைத் தொடவே கூடாது.

யூனிட்டியில் சி ஷார்ப் ஸ்கிரிப்ட் வெறும் டெக்ஸ்ட், வரி வரியாக மெர்ஜ் ஆகும். ஒரு இடத்தில் உள்ள பொருட்களை எல்லாம் அடுக்கி வைத்திருக்கும் சீன் ஃபைலும் டெக்ஸ்ட்தான் என்றாலும் அதைக் கையால் மெர்ஜ் செய்வது நரக வேதனை. அதனால் ஒவ்வொரு அறையையும் தனி சீனாகவும், வில், அம்பு, எதிரி எல்லாவற்றையும் தனித்தனி ப்ரீஃபேபாகவும் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வார்ப்பு) முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

பெர்ஃபார்மன்ஸிலும் அன்ரியலின் அழகு முழுசாகக் கைகொடுக்காது. மெட்டாவின் குவெஸ்ட் ஹெட்செட்டில் 72 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 72 படம்) என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 13.9 மில்லிசெகண்ட், 90 என்றால் 11.1. அதற்குள் இரண்டு கண்ணுக்கும் படம் வரைந்தாக வேண்டும்; தவறினால் தலைசுற்றல். அந்த ஹெட்செட்டின் மொபைல் சிப்பில் அன்ரியலின் லூமென் ஒளியமைப்பு எடுபடாது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டோடு பிசி விஆர் (கம்ப்யூட்டரில் ஓடும் விஆர்) செய்பவர்களுக்குக் கணக்கு வேறு.

2023-ல் வந்த கோடோ 4 என்ற இன்னொரு எஞ்சினில், விஆர் ஹெட்செட்டுகளோடு இணைய உதவும் ஓப்பன்எக்ஸ்ஆர் உள்ளேயே இருக்கிறது, லைசென்ஸ் தொல்லையும் இல்லை. இரண்டு மூன்று பேர் என்றால் தாராளமாக எடுக்கலாம். பெரிய குழுவுக்கு விஆர் டுட்டோரியல்கள் போதாது.

ஆர்ட்டிஸ்டுகள் அதிகம், அன்ரியல் ஏற்கெனவே பழக்கம் என்றால் அதையே எடுங்கள், ஒவ்வொரு ப்ளூபிரிண்டுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி. மற்றவர்களுக்கு என் பரிந்துரை யூனிட்டி. ஹெட்செட் ஒன்றுதான் இருக்கும், ஆள் பல பேர். யூனிட்டியின் எக்ஸ்ஆர் டூல்கிட்டில் (விஆர் வேலைக்கான கருவித் தொகுப்பு) ஹெட்செட் போல நடிக்கும் சிமுலேட்டர் இருப்பதால், பொருளைப் பிடிப்பது, வீசுவது போன்றவற்றை மற்றவர்கள் கீபோர்டு, மவுஸ் வைத்தே சோதிக்கலாம். தலைசுற்றலை மட்டும் சிமுலேட்டர் காட்டாது. அதனால் கேமுக்குள் நடமாடும் பகுதியை எழுதுபவருக்கு ஹெட்செட்டை முதலில் கொடுங்கள்.